பெர்சிதா சொன்ன நூறு

அந்தப் படிவத்தில் இருபத்தெட்டுக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் பூஜ்யம், பத்து, இருபது என்று நூறு வரைக்கும் எண்கள் வரிசையாக இருக்கும். கேள்வியில் சொல்லியிருப்பது உங்களுக்கு நூற்றுக்கு எத்தனை தடவை நடக்கிறதோ, அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி இருபத்தெட்டால் வகுத்தால் ஒரு எண் வரும். முப்பதுக்குள் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தாண்டிவிட்டால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஒருத்தர் தன்னைவிட்டுத் தானே விலகிப் போகிறாரா, நடுநடுவே காணாமல் போகிறாரா என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை கேள்வியும்.

நான் லுபிங்கா. இந்தச் செம்புச் சுரங்க நகரத்து ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். இந்தப் படிவத்தோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு சுரங்கத் தொழிலாளி, "எல்லாத்துக்கும் அம்பது போடும்மா, யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்" என்றார். தபால்காரர் பெண்டாட்டி, "நூத்துக்கு எத்தனைன்னா? நான் என்ன விரல் விட்டு எண்ணிக்கிட்டா இருக்கேன்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எல்லாவற்றுக்கும் நூறு போட்டுவிட்டு, முதல் வகுப்பில் தேறிவிட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதற்கெல்லாம் சிரித்துச் சிரித்தே நான் காலத்தை ஓட்டிவிட்டேன். பெர்சிதாவின் படிவத்துக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை.

பெர்சிதாவும் நானும் ஒரே ஊர். மலைக்கு அந்தப் பக்கம், செர்பியாவிலேயே தனி மொழி பேசுகிற விளாக் ஜனங்களின் கிராமம். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஐந்து வீடுகள். என்னைவிட எட்டு வயது இளையவள். நான் பதினைந்து வயதில் நர்ஸ் படிப்புக்கு நகரத்துக்கு வந்தவள், அதோடு எங்கள் பேச்சை நாக்கிலிருந்து வழித்துப் போட்டுவிட்டேன். விளாக் என்றால் நகரத்தில் ஒரு கேலி உண்டு: மந்திரம் வைப்பார்கள், செத்தவனோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள் என்று. எதற்கு வம்பு? செர்பிய மொழியை நகரத்துக்காரி மாதிரியே பேசப் பழகிக்கொண்டேன். கூட வேலை செய்கிறவர்கள் அந்தக் கேலியைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு அது, இப்போது சொல்கிறேன்.

பெர்சிதா பத்தொன்பது வயதில் உருக்காலையில் கிரேன் ஓட்டச் சேர்ந்தாள். எங்கள் உருக்காலையில் கிரேன் ஓட்டியது முக்கால்வாசியும் பெண்கள்தான். ஆம்பளைக் கை அவசரப்படும், செம்புக் குழம்புக்கு அவசரம் ஆகாது என்று பழைய மேஸ்திரிகள் சொல்வார்கள். கூரைக்குக் கீழே ஒரு கூண்டு. அதில் ஏறி உட்கார்ந்து, ஆள் உயரக் கொப்பரையில் கொதிக்கிற செம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். கீழே நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். பெர்சிதா இருபத்திரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்தாள். அவள் ஷிப்ட் என்றால் கீழே இருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. புருஷன் வியன்னாவுக்கு வேலைக்குப் போய், முதலில் கடிதம் போட்டான், அப்புறம் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை, அப்புறம் அதுவும் இல்லை. அங்கேயே வேறு குடும்பம். அவள் வாயைத் திறந்து அவனை ஒரு வார்த்தை திட்டியதில்லை. மகள் சுசானாவை அந்தக் கிரேன்தான் வளர்த்தது என்று மட்டும் சொல்வாள்.

அவளுக்கு உலகத்தில் ஒரே சிநேகிதி யெலிட்சா. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. யெலிட்சாவும் வியன்னாவுக்குப் போனாள், அலுவலகங்களில் தரை துடைக்கிற வேலை. பெர்சிதாவையும் கூப்பிட்டாள், இவள் போகவில்லை. முப்பத்தொன்றாம் வயதில், ஈஸ்டருக்கு ஊருக்கு வரும்போது, யெலிட்சா வந்த பஸ் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. ஊருக்கு வந்து சேர்ந்தது பெட்டிதான்.

எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் பொமானா விருந்து வைப்போம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருஷம், பிறகு வருஷத்துக்கு ஒன்றாக ஏழாம் வருஷம் வரைக்கும். மேஜையின் தலைப்பக்கத்தில், செத்தவர் உட்கார வேண்டிய இடத்தில், உயிரோடு இருக்கிற ஒருவரை உட்கார வைப்பார்கள். கிட்டத்தட்ட அதே வயது இருக்க வேண்டும். தலை முதல் கால் வரை புதுத்துணி, கையில் சீப்பும் கண்ணாடியும் மெழுகுவர்த்தியும். அன்றைக்கு அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது, செத்தவர் பெயர்தான். யெலிட்சாவுக்காகப் பெர்சிதாவை உட்கார வைத்தார்கள். வேறு யாரை வைப்பது? அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் வியன்னாவில்.

நாற்பதாம் நாளுக்கு நானும் போயிருந்தேன். யெலிட்சாவின் அம்மா ஸ்தமெனா, பெர்சிதாவின் தட்டில் ஆட்டுக்கறியை எடுத்து வைத்துவிட்டு, "யெலிட்சா, பஸ்ல பட்டினியாத்தான் வந்திருப்ப. சாப்பிடும்மா" என்றாள். பெர்சிதா சாப்பிட்டாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், நிஜமாகவே பசித்தவள் மாதிரி, எல்லாவற்றையும் சாப்பிட்டாள். அழாதவர்கள் அங்கே யாரும் இல்லை. நானும் அழுதேன். அடுத்த நாள் டூட்டிக்கு வந்து, உறவில் ஒரு கல்யாணம் என்று பொய் சொன்னேன்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆயிற்று. போன மார்ச்சில், காலை ஷிப்டில், கூடத்தின் நட்டநடுவில் கிரேன் நின்றுவிட்டது. கொப்பரை நிறையக் குழம்பு, அதற்கு நேர் கீழே ஆட்கள். மேஸ்திரி ராதிசாவ் இரும்புக் கம்பியால் தூணைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார். பெர்சிதா கைப்பிடியில் கை வைத்தபடி கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நாலு நிமிஷம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கொப்பரையைப் பதமாக இறக்கி வைத்தாள். கீழே இறங்கி வந்து, "என்ன எல்லாரும் வேலையைப் போட்டுட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாளாம். ஆலை டாக்டர் அவளை எங்களிடம் அனுப்பினார். எங்கள் காகிதத்தை வைத்துத்தான் ஆலைக் குழு அவளுக்குக் கிரேன் உண்டா இல்லையா என்று முடிவு செய்யும்.

எங்கள் டாக்டர் வுகாஷின் தலைநகரத்துப் பிள்ளை, முப்பத்தோரு வயது, நல்லவர். படிவத்தை நோயாளியே படித்து நிரப்ப வேண்டும் என்பது அவர் விதி. கண்ணாடி கொண்டு வராதவர்களுக்கு நான் படிக்கலாம், ஆனால் விளக்கம் சொல்லக் கூடாது. நாம் விளக்கினால் பதில் நம்முடையதாகிவிடும் என்பார். பெர்சிதா கண்ணாடி கொண்டு வரவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "அக்கா" என்று எங்கள் பேச்சில் ஆரம்பித்தவளை நான் கண்ணாலேயே அடக்கினேன். டாக்டர் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பத்துக் கேள்விகளுக்குப் பத்து, இருபது, பத்து என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு நான் படித்தேன்: "உங்களுடையதல்லாத பெயரைச் சொல்லி உங்களை யாராவது அழைப்பது உண்டா?"

"உண்டு."

"எத்தனை போட?"

"நூறு."

"எல்லா நேரமுமா?"

"அந்த வீட்டுக்குப் போனா எல்லா நேரமும்தான்."

டாக்டரின் பேனா நின்றது. அடுத்தது: "வாங்கிய நினைவே இல்லாத துணிமணி உங்கள் அலமாரியில் இருக்கிறதா?"

"ஒரு அலமாரி நிறைய இருக்கு. நூறு."

"கண்ணாடியில் பார்க்கும்போது அது நீங்கள் இல்லை என்று தோன்றுவது உண்டா?"

"நூறு."

"இரண்டு வேறு வேறு ஆட்களைப் போல நடந்துகொள்கிறீர்களா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நூறு" என்றாள். அந்த மாதிரியே இன்னொரு கேள்விக்கும் நூறு. மொத்தம் ஐந்து நூறு. மற்றவற்றுக்கெல்லாம் பழையபடி இருபது, முப்பது.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெயர், துணி, கண்ணாடி: அட, பொமானா! இந்தப் பைத்தியக்காரி கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள். "டாக்டர், அது எங்க ஊர் வழக்கம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உடனே அவர், "உங்க ஊரா சிஸ்டர்?" என்று கேட்பார். இருபத்தாறு வருஷம் மூடி வைத்திருந்ததை இவளுக்காகத் திறப்பதா? விளக்கம் சொல்லக் கூடாது என்ற விதி வேறு கைவசம் இருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

முப்பத்துநாலு வந்தது. "இது வெறும் வடிகட்டிதான் சிஸ்டர், இதை வெச்சு முடிவு கட்டக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். சொன்னாரே தவிர, அவர் காது சிவந்திருந்தது. புத்தகத்தில் மட்டும் படித்த நோய் தன் மேஜைக்கே வந்துவிட்டது அல்லவா. ஆலைக் குழுவுக்கு வடிகட்டியும் தெரியாது, சல்லடையும் தெரியாது. காகிதத்தில் முப்பத்துநாலு என்று இருந்தது. பெர்சிதாவைக் கிரேனிலிருந்து இறக்கி, தொழிலாளிகளின் அழுக்குத் துணி துவைக்கிற இடத்தில் போட்டார்கள்.

மே மாதம் சுசானா என்னைத் தேடி வந்தாள். இருபது வயது, ரொட்டிக் கடையில் வேலை. ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, நீங்கதானே கேள்வி கேட்டீங்க?"

"நான் படிச்சேன், அவ்வளவுதான். பதில் உங்கம்மா சொன்னது."

"பொமானாவைப் பத்திச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு அது தெரியாதா? நீங்க என்ன வானத்துலேருந்தா குதிச்சீங்க?"

"மெதுவாப் பேசுடி, நாலு பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! எங்கம்மா வாசல்படியில உக்காந்து கையைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. சாப்பிடுன்னா சாப்பிடுறாங்க, எழுந்திருன்னா எழுந்திருக்கிறாங்க. அந்தக் கூண்டுல ஏறுனாத்தான் அவங்க மனுஷி. உங்க கௌரவத்துக்கு எங்கம்மாவா கெடச்சாங்க?"

சின்னப் பெண் கையால் செருப்படி வாங்கின மாதிரி இருந்தது. வாங்க வேண்டியதுதான்.

அன்றைக்கே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் விளாக், இன்ன ஊர், பொமானா என்றால் இது, யெலிட்சா என்றால் இன்னார். அவர் சிரிக்கவில்லை. முகம் வாடி, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஐந்து கேள்விகளையும் அடித்தோம். மிச்சம் இருந்த இருபத்துமூன்றைக் கூட்டி வகுத்தோம். இருபது வந்தது.

"அவங்களைக் கூப்பிட்டு ஒருதடவை பேசிப் பாத்துரலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"இதுல பேச என்ன இருக்கு டாக்டர்? நான் அந்த ஊர்க்காரி. எனக்குத் தெரியாதா?"

இப்படித்தான் சொன்னேன். இருபத்தாறு வருஷம் வேண்டாம் என்று தள்ளி வைத்த ஊரை அன்றைக்கு ஒருநாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். டாக்டர் என்னை நம்பினார். வழக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் மதிப்பெண் திருத்தப்பட்டது என்று குழுவுக்கு எழுதினார். ஜூனில் பெர்சிதா மறுபடி கிரேனில் ஏறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ காபித்தூளை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வாள் என்ற ஆசைதான், மறைப்பானேன். அவள் காபி போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கேள்வியை எல்லாம் அடிச்சீங்க அக்கா?"

"அதான்டி, பேரு, துணி, கண்ணாடி. பொமானாக் கேள்வியை எல்லாம்."

"நான் நெசமாச் சொன்னது அதை மட்டும்தான்" என்றாள். "மிச்சத்துக்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"என்னடி உளர்ற? பொமானாவுல எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

"யெலிட்சா போயி எத்தனை வருஷம் ஆச்சு?"

"பத்து."

"பொமானா எத்தனை வருஷத்துக்கு?"

"ஏழு" என்று சொல்லிவிட்டுக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு அக்கா. கடைசி விருந்து வெச்சு, பேரைத் திருப்பிக் குடுத்து, வாசல்ல தண்ணி ஊத்தி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடல. நான்தான் போறேன். போறேன்னுகூடச் சொல்ல முடியாது, பஸ் ஏறுனதே தெரியாது. கண்ணை முழிச்சா யெலிட்சாவோட அம்மா அடுப்படியில கையில மாவோட நிப்பேன். அவங்க 'யெலிட்சா'ம்பாங்க, நான் 'என்னம்மா'ம்பேன். அலமாரியில இருக்கிறது பொமானாவுல குடுத்த துணி இல்ல. நான்தான் எங்கேயோ வாங்கியிருக்கேன். எல்லாம் அவ உடுத்துற மாதிரி, பூப்போட்டது. எனக்குப் பூப்போட்டதே பிடிக்காது."

"அடிப் பாவி, அன்னைக்கே வெவரமாச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னேனே. நூறுன்னு சொன்னேனே அக்கா. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

அவள் அழவில்லை, கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஊர் பேர்கூடத் தெரியாத டாக்டர், ஒரு மண்ணும் புரியாமல் அவள் சொன்னதை அப்படியே நம்பினார். எல்லாம் தெரிந்த நான்தான் அதை அடித்துப் போட்டேன்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிர்றேன்" என்றேன். "கிரேன் போயிருமே அக்கா" என்றாள். பிறகு, "சரி, சொல்லுங்க" என்றாள். சொல்லுங்கள் என்றுதான் சொன்னாள், அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை டாக்டர் லீவு. வியாழக்கிழமை நோயாளிகள் கூட்டம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். உண்மை என்னவென்றால், முதல் தடவை வாயைத் திறக்காமல் தப்பு செய்தேன், இரண்டாம் தடவை வாயைத் திறந்து தப்பு செய்தேன், மூன்றாம் தடவை அவர் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. ஆகஸ்டில் டாக்டர் வுகாஷின் தலைநகரத்துக்கே மாற்றலாகிப் போய்விட்டார். அவர் விடைபெறும்போது நான் கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அக்டோபர் நடுவில் ஒருநாள் பெர்சிதா கிரேனை ஓரமாக நிறுத்தினாள். நல்லவேளை, கொக்கி காலியாக இருந்தது. ஏணியில் நிதானமாக இறங்கி வந்து, தொப்பியை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, மேஸ்திரியிடம், "அம்மா தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் அம்மா செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இரண்டு நாள் தேடிவிட்டுச் சுசானா எனக்குப் போன் செய்தாள். எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஊரில், யெலிட்சாவின் அம்மா ஸ்தமெனா வீட்டு முற்றத்தில் மிளகாய் சுடுகிற வாசனை. குளிர்காலத்துக்கான சிவப்பு மிளகாய். தகர அடுப்புக்கு முன்னால் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு பெர்சிதா மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை, யெலிட்சாதான் பாடுவாள்.

"அம்மா" என்றாள் சுசானா.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "வாங்க, யாரைத் தேடுறீங்க?" என்று மகளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "லுபிங்கா அக்கா! எப்ப வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க. டவுன்ல பெர்சிதாவைப் பாக்குறீங்களா? எப்படி இருக்கா அவ? இன்னும் அந்தக் கிரேன்லதான் தொங்கிக்கிட்டு இருக்காளா? வியன்னாவுக்கு என்கூட வாடின்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கவே மாட்டேன்னுட்டா."

"நல்லா இருக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"வரச் சொல்லுங்க அக்கா. அவளைப் பாக்கணும்போல இருக்கு."

சுசானா அங்கே நிற்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து ஸ்தமெனா வந்தாள். எண்பதை நெருங்குகிற கிழவி, முதுகு கூனிவிட்டது. நான் அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இது அடுக்குமா உங்களுக்கு? உங்க பொண்ணைப் பெட்டியில வெச்சு நீங்கதானே பொதைச்சீங்க? இவளுக்கு ஒரு மக இருக்கா. அந்தா வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கிறா."

"நான் கூப்பிடலடி. தானா வந்துச்சு." கிழவி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மொதல்ல, 'நீ பெர்சிதாம்மா, வீட்டுக்குப் போ'ன்னுதான் சொன்னேன். நாலஞ்சு தடவை சொல்லிட்டேன். கதவைச் சாத்தியும் பாத்தேன். குளிருல படியிலயே உக்காந்துக்கிட்டு, 'அம்மா, கதவைத் தொறங்க'ன்னுச்சு. என் பொண்ணு கொரல்ல சொல்லுது. நீயா இருந்தா தொறக்க மாட்டியா?"

நான் வாசலுக்குப் போய்ச் சுசானாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தலைநகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் கேட்டோம். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, பழைய காகிதத்தில் இருபது என்று இருக்கிறது, இருபதை வைத்துக்கொண்டு அங்கே இடம் கேட்க முடியாது, புதிதாக ஒரு படிவம் நிரப்பிக் கொண்டு வாருங்கள், இந்தத் தடவை எந்தக் கேள்வியையும் விடாதீர்கள் என்றார். முப்பதைத் தாண்டினால் மறுநாளே இடம். அவளை வெளியே கொண்டுவர அது ஒன்றுதான் வழி.

நவம்பர் முதல் வாரம் சுசானாவும் நானும் மறுபடி பஸ் ஏறினோம். சுசானா அம்மாவின் குளிர்ச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வேலிக்கு உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். "என்னை 'வாங்க போங்க'ங்கறாங்க பெரியம்மா. என்னால முடியல. நீங்க கேட்டுட்டு வாங்க. நூறு நூறாப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

அடுப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவள் கண்ணாடி இல்லாமலே படிப்பேன் என்றாள், ஆனால் கையெல்லாம் மாவாக இருந்ததால் நானே படித்தேன். எங்கள் பேச்சில்தான் படித்தேன், முதல் தடவையாக.

பஸ்ஸில் வந்தது நினைவில்லாமல் போவது உண்டா? "இல்லையே. ஏன் மறக்கணும்?" பூஜ்யம். எப்படி வந்தோம் என்று தெரியாமல் ஓர் இடத்தில் இருப்பது உண்டா? "எங்க வீட்டுலதானே இருக்கேன்." பூஜ்யம். வாங்கிய நினைவில்லாத துணி? "எல்லாம் நான் வாங்குனதுதான். நல்லா இருக்கா அக்கா இந்தப் பூ?" பூஜ்யம். கண்ணாடியில் பார்த்தால் நீ இல்லை என்று தோன்றுகிறதா? அவள் கலகலவென்று சிரித்தாள். இரண்டு ஆட்களைப் போல? பூஜ்யம், பூஜ்யம். இந்த வேலையில் இவ்வளவு ஆரோக்கியமான படிவத்தை நான் பார்த்ததில்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஒரு காரியம் யோசித்தேன்: நானே நூறு நூறாக வட்டம் போட்டுவிட்டால் என்ன? பேனாவை ஐந்தாறு தடவை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். என்னால் முடியவில்லை. அவள் சொன்னதை ஏற்கெனவே ஒருதடவை அடித்தவள் நான்.

ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுக்கொண்டே வந்தேன். மற்ற எல்லாம் முடிந்த பிறகு வேறு வழியில்லாமல் அதையும் படித்தேன்.

"உன்னோடது இல்லாத பேரைச் சொல்லி உன்னை யாராவது கூப்பிடுறது உண்டா?"

அவள் மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஜன்னல் வழியாக வேலிப் பக்கம் பார்த்தாள். சுசானா சட்டையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றிருந்தாள்.

"அங்க நிக்குதே அந்தப் பொண்ணு. அது என்னை 'அம்மா'ன்னு கூப்பிடுது. பாவம், அது மட்டும்தான்" என்றாள். "ஒரு பத்துப் போட்டுக்குங்க அக்கா."

நான் பத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.